வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

போன தை மாதம் என் மச்சான் ஒரு இடம் பார்த்தார். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒன்றே கால் ஏக்கர். முன்பு துணி வெளுக்கும் சலவைப்பட்டறை ஓடிய இடம். ஷெட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள், தொட்டி இருந்த குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம் எல்லாம் சரி. வக்கீலும் தாராளமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் எங்களைக் கூப்பிட்டார். மோட்டாரைப் போட்டு ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "வாயில வெச்சுப் பாருங்க தம்பி, அப்புறம் பணத்தக் குடுங்க" என்றார். உப்புக் கலந்த சப்பைத் தண்ணீர் எங்களுக்குப் புதிதில்லை, சின்ன வயதிலிருந்து குளித்துப் பழகியதுதான். இது அந்த ருசியே இல்லை. துப்பிய பிறகும் நாக்கில் கசப்பு நின்றது.

விற்பவரிடம் கேட்டோம். அவர் கையில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தது, முத்திரையோடு. எல்லாமே அளவுக்குள். மாதிரி எடுத்தது யாருங்க என்று கேட்டேன். "நம்ம பையன்தாங்க, கேன்ல கொண்டுபோய்க் குடுத்தான்" என்றார். எந்தக் கிணற்றுத் தண்ணீர், என்றைக்கு எடுத்தது என்று அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

மச்சான் அந்த இடத்தை வாங்கவில்லை. ஆனால் யாராவது வாங்குவார்கள். சைட் போடுவார்கள், வீடு எழும்பும், வீட்டுக்கு ஒரு போர் இறங்கும், பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடும். ஒரு நிலம் கெட்டுப்போயிருக்கிறதா, சுத்தமாகிவிட்டதா என்று சொல்லும் அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. எங்கள் பக்கத்து விவசாயிகள் கூடிப் பேசியபோது நாலு பதில் வந்தது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே பார்க்கட்டும் என்றார் ஒருவர். கோர்ட்டை விட்டால் வழியில்லை என்றார் இன்னொருவர். வெளிநாட்டில் லைசென்ஸ் பெற்ற நிபுணர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள், இங்கேயும் அதைக் கேட்போம் என்றான் இன்ஜினியரிங் படித்த ஒரு தம்பி. நிபுணர் வரட்டும், ஆனால் அவரை இடத்துக்காரர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றார் கடைசியாகப் பேசிய அக்கா ஒருவர். நாலையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

எதைச் சுத்தம் செய்யச் சொல்கிறோம்

நொய்யல் ஆற்றின் கதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயத்தண்ணீருக்கு 30 கிராம், அடர் நிறமாக இருந்தால் 80 கிராம் வரை போடுவார்கள். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு அவ்வளவும் கழிவுத் தண்ணீரில் வெளியே வரும். ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாசனத்துக்கு என்று சொல்லி 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கொஞ்ச வருடத்திலேயே அந்தத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கடைசியில் 2011 ஜனவரி 28-ஆம் தேதி திருப்பூர் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்ன உத்தரவு. அதற்கப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் ஆவியாக்கி உப்பைப் பிரித்தெடுக்கும் முறைக்குப் பட்டறைகள் மாறின.

இதெல்லாம் புதிதாகச் சேர்வதை நிறுத்தும் வேலை. ஏற்கனவே மண்ணில் இறங்கியது அப்படியே இருக்கிறது. கசடு கொட்டி வைத்த மூலை, சாயத்தண்ணீர் நின்ற பள்ளம், தளம் போடாத தொட்டி, ஆசிட் கேன் கவிழ்ந்த இடம், இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சர்வே எண்ணுக்குள் கிடக்கின்றன.

இதில் நம் நிலத்தின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே கொஞ்சம் மண், கீழே முழுக்கப் பாறை. தண்ணீர் மணலில் பரவுவதுபோல இங்கே பரவாது, பாறை வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் போகும். பட்டறைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் கிணறு தப்பித்திருக்கும், அரை மைல் தள்ளி ஒரு தோட்டத்துப் போர் கெட்டுப்போயிருக்கும். எங்கே துளை போடுவது, எத்தனை அடியில் மாதிரி எடுப்பது, மழைக்கு முன்னாலா பின்னாலா என்பதை முடிவு செய்பவர் கையில்தான் முடிவும் இருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் ஆய்வகத்தில் போய் எதையும் மாற்ற வேண்டியதில்லை. துளையைப் பத்தடி தள்ளிப் போட்டாலே போதும்.

இப்போது இந்தக் கேள்வி அவசரமாகியிருக்கிறது, காரணம் சட்டம். மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சி அமைப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும், அப்புறம் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் ஒரு வல்லுநர் அமைப்பு சீரமைப்புத் திட்டம் போடும். கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்துச் செலவை அவர் தலையில் கட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யும். விதிகள் வந்த சமயத்தில் நாடு முழுவதும் அடையாளம் கண்டிருந்த மாசுபட்ட இடங்கள் 103, சீரமைப்பு வேலை தொடங்கியிருந்தது வெறும் ஏழில்.

அதற்கடுத்த மாதம், 2025 ஆகஸ்டில், சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளும் வந்தன. பதிவு பெற்ற தனியார் சுற்றுச்சூழல் தணிக்கையாளர்கள் ஆலைகளுக்குப் போய்ச் சோதிக்கலாம் என்கின்றன அவை. ஆக, தனியார் நிபுணர் வேண்டுமா வேண்டாமா என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டோம். எப்படிப்பட்ட நிபுணர், யார் பணத்தில் என்பதுதான் மிச்சம்.

வாரியமும் கோர்ட்டும்

வாரியம் கையில் வைத்திருக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் கிடையாது. கேட்டைத் திறக்கச் சொல்லலாம், சீல் வைக்கலாம், கரண்ட்டைத் துண்டிக்கச் சொல்லலாம். சுத்தமாகிவிட்டது என்று சொல்வதால் அதன் பொறியாளருக்கு முறைப்படி ஒரு பைசா லாபம் இல்லை. எங்கள் கூட்டத்தில் வயதானவர்கள் பலரும் வாரியத்தையே சொன்னதில் நியாயம் இருக்கிறது. நல்லதோ கெட்டதோ, கேள்வி கேட்க ஓர் ஆபீஸ் இருக்கிறது.

ஆனால் ஒரு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். புதிய ஆலைகள் இயங்க அனுமதிக்கும் இசைவாணை, பழையவற்றுக்குப் புதுப்பித்தல், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுப்பது, ராத்திரியில் ஓடையில் நுரை வந்தால் ஓடிப் பார்ப்பது, பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை, கோர்ட்டுக்குப் பிரமாணப் பத்திரம். ஒரே ஒரு பழைய பட்டறை இடத்தை முறையாக ஆராய வேண்டும் என்றால் பல இடத்தில் துளை போட்டு, கண்காணிப்புக் கிணறு இறக்கி, மழைக்காலமும் வேனிலும் பார்த்து முடிக்க வேண்டும். இவ்வளவுக்கும் 90 நாளும் மூன்று மாதமும் என்றால், இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு எத்தனை இடம் முடியும்?

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் முட்டி நின்றதும் இதே இடத்தில்தான். நம்மைவிட வசதியான சுற்றுச்சூழல் துறை, நல்ல ஆய்வகம், கடுமையான சட்டம் எல்லாம் இருந்தும் 2009 வாக்கில் ஏறத்தாழ 20,000 இடங்களின் கோப்புகள் தேங்கிக் கிடந்தன. ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், அதிகாரியிடம் நூற்றுக்கணக்கில் கோப்பு. அதற்கு மூன்று வருடம் முன்னால் அங்கே நடந்ததைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பாதரச வெப்பமானி செய்துவந்த ஓர் ஆலை மூடிப்போக, அதே கட்டிடத்தில் குழந்தைகள் காப்பகம் நடந்துகொண்டிருந்தது. மாசுபட்ட இடம் என்று துறைக்குத் தெரிந்திருந்த இடம்தான். 2006 ஜூலையில் பாதரச ஆவி இருப்பதைக் கண்டுபிடித்து மூடினார்கள். சட்டம் மாற அதுவும் ஒரு காரணமானது. நமக்கும் பாதரச வெப்பமானி புதிதில்லை. பழனிக்கு மேலே கொடைக்கானலில் இருந்த ஆலை 2001-இல் மூடியது, அந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற வாதமே வருடக்கணக்கில் ஓடியது.

கோர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 உத்தரவு இல்லையென்றால் நொய்யலில் இன்றும் நிறம் நிறமாகத்தான் தண்ணீர் போயிருக்கும். அந்த வழக்கை நடத்திய விவசாயிகளுக்கு இந்தப் பகுதியே கடன்பட்டிருக்கிறது. ஆனால் கோர்ட்டால் நிறுத்த முடியும், தோண்ட முடியாது. தோண்டி எடுத்த மண்ணைப் பற்றிச் சொல்ல அதற்கும் ஒரு நிபுணர் வேண்டும், பெரும்பாலும் வாரியத்தின் அறிக்கையைத்தான் கேட்கும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. உத்தரவும் குழுவும் அறிக்கையும் வந்துகொண்டே இருந்தன, குவியல் நகரவில்லை. கோர்ட் கடைசிக் கதவாக இருக்கட்டும். முதல் கதவாக வைத்தால் நம் பிள்ளைகள் காலத்தில்தான் திறக்கும்.

லைசென்ஸ் பெற்ற நிபுணர்

2009 மே 7-ஆம் தேதி கையெழுத்தான சட்டத்தின் மூலம் நியூ ஜெர்சி இந்த வழிக்கு மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலம் அதற்கு முன்பே, 1993-இல் மாறிவிட்டது. மாசுபட்ட இடத்துக்குப் பொறுப்பானவர் ஒரு லைசென்ஸ் பெற்ற நிபுணரை அமர்த்த வேண்டும். ஆய்வு, திட்டம், சீரமைப்பு எல்லாம் அந்த நிபுணரின் மேற்பார்வையில் நடக்கும். ஒவ்வொரு படிக்கும் அரசின் முன் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தால், சுத்தமாகிவிட்டது என்ற ஆவணத்தை அவரே கையெழுத்திட்டுத் தருவார். 2012 மே மாதத்துக்குப் பிறகு நியூ ஜெர்சியில் இது கட்டாயம்.

யார் வேண்டுமானாலும் இந்த லைசென்ஸ் வாங்கிவிட முடியாது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், எட்டு வருட அனுபவம், தேர்வு. லைசென்ஸ் கொடுக்கவும் பிடுங்கவும் தனி வாரியம். எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட வேலிகள். நிபுணர் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. குடிதண்ணீரில் மாசு, வீட்டுக்குள் நச்சு ஆவி என்று உடனடி ஆபத்தைக் கண்டால், அமர்த்தியவர் வேண்டாம் என்றாலும் அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வருகிற எல்லா ஆவணத்தையும் துறை பார்க்கும், குறைந்தது நூற்றுக்குப் பத்தை ஆழமாகத் தோண்டிப் பார்க்கும். கையெழுத்துப் போட்ட பிறகும் மூன்று வருடத்துக்குள் துறை அதைத் தணிக்கை செய்து செல்லாது என்று சொல்லலாம். கெடு தவறினால் இடம் துறையின் நேரடிப் பிடிக்குள் போய்விடும், சீரமைப்புச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே அறக்கட்டளையில் கட்ட வேண்டும். மாசசூசெட்ஸில் அரசுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டும் இடங்களில் ஐந்தில் ஒன்றைத் தணிக்கை செய்யவேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வேகம் கிடைக்கிறது, பொறுப்பை ஒரு தனி மனிதரின் பெயரில் கட்டிப்போட முடிகிறது. நம் ஊரில் ஒரு மோசமான அறிக்கைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஆய்வகம் ஆலோசகரைக் காட்டும், ஆலோசகர் வாரியத்தைக் காட்டுவார். அங்கே கையெழுத்துப் போட்டவரின் பிழைப்பே பணயமாக இருக்கிறது.

சரி, இதை அப்படியே இங்கே இறக்கிவிடலாமா? திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியில் கேட்டாலும் "நம்ம ஆடிட்டர்" என்பார்கள். அந்த "நம்ம" என்ற சொல்லில்தான் என் பயம் இருக்கிறது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நாம் கூப்பிட்டு, நாம் பணம் கொடுத்து, அடுத்த வருடமும் நாமே கூப்பிடப்போகிற ஒருவர் நமக்குப் பிடிக்காததை எழுதுவது யாருக்குமே கஷ்டம். வண்டிக்கு எடுக்கும் புகைச் சான்று எப்படிக் கிடைக்கிறது என்று நமக்குத் தெரியும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதும் ஆலோசகர்களுக்கும் இங்கே முறையான அங்கீகாரம் உண்டு, ஆனால் பணம் கொடுப்பவர் திட்டம் கொண்டுவருபவர்தான். அந்த அறிக்கைகளைப் படித்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நியூ ஜெர்சி போட்ட வேலிகள் நிற்பதற்குக் காரணம், பின்னால் பத்தில் ஒன்றைத் தோண்டிப் பார்க்கத் துறையில் ஆள் இருப்பதுதான். ஆள் குறைவு என்பதற்காக நிபுணரைக் கொண்டுவந்துவிட்டு, நிபுணரைச் சோதிக்கவும் ஆள் வைக்காமல் விட்டால் வேலி இல்லாத தோட்டம்தான்.

சீட்டுக் குலுக்கி அனுப்பும் நிபுணர்

அந்த அக்கா சொன்னது இது. அவர் எந்த ஆராய்ச்சியையும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. "சம்பந்தி வீட்டுல போயி பொண்ணு எப்பிடின்னு கேட்டா நல்லான்னுதான் சொல்லுவாங்க" என்றார். ஆனால் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டிலேயே.

குஜராத்தில் 1990-களிலிருந்து ஆலைகள் தனியார் தணிக்கையாளரை வைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்ய வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவில் வந்த முறை. ஆலையே ஆளைத் தேர்ந்தெடுக்கும், ஆலையே பணம் கொடுக்கும். 2009-இலிருந்து இரண்டு வருடம் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள், மாநில வாரியத்தோடு சேர்ந்து, ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பது குலுக்கலில். கட்டணம் நிலையானது, பொது நிதியிலிருந்து வரும். சில ஆலைகளில் தணிக்கையாளர் அளந்த அதே புகைப்போக்கியை வேறு ஆள் போய் மறுபடி அளப்பார்.

பழைய முறையில் இருந்த ஆலைகளில், காற்றில் கலக்கும் துகள் அளவை மீறியவை நூற்றுக்கு 7 என்று தணிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். மறுபடி அளந்தபோது மீறியவை நூற்றுக்கு 59. அறிக்கைகளில் எண்கள் வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே கும்பலாக நின்றன. புதிய முறையில் போன தணிக்கையாளர்கள் பொய்யாக "அளவுக்குள்" என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. இதைவிட முக்கியமாக, அந்த ஆலைகள் மாசையே குறைத்துக்கொண்டன. முறை மாறியதும் அதே தொழிலில் இருக்கிற அதே மாதிரி ஆட்கள் உண்மை எழுத ஆரம்பித்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 2025-இன் தணிக்கை விதிகளிலும் குலுக்கல் முறையில் ஒதுக்குவது இடம்பெற்றிருக்கிறது. அதை யாரும் நீர்த்துப்போக விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். புகைப்போக்கியை அளப்பது ஒரு நாள் வேலை. கெட்டுப்போன நிலத்தைச் சீர் செய்வது இரண்டு வருடமோ ஐந்து வருடமோ போகும். பாறை வெடிப்பு எந்தத் திசையில் போகிறது, எந்தப் போர் எப்போது வற்றும், பழைய குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று ஒருவர் கற்றுக்கொண்டு வரும்போது குலுக்கலில் வேறு ஆளை அனுப்பினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். குலுக்கலை எல்லாப் படியிலும் வைக்க முடியாது.

நான் எந்தப் பக்கம்

வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் முடிவு. வைத்தியம் பார்ப்பவர் வேறு, குணமாகிவிட்டது என்று சொல்பவர் வேறு.

திட்டம் போடுவது, தோண்டுவது, கசடை அப்புறப்படுத்துவது, தண்ணீரை இறைத்துச் சுத்திகரிப்பது, இவற்றுக்கு லைசென்ஸ் பெற்ற ஒரு நிபுணரை இடத்துக்காரரே தேர்ந்தெடுக்கட்டும். கடைசிவரை அவரே இருக்கட்டும். நியூ ஜெர்சி போட்ட வேலி எல்லாம் அவருக்கும் இருக்கட்டும், முக்கியமாக ஆபத்தைக் கண்டால் அரசுக்குச் சொல்லும் கடமை. ஆனால் தொடக்கத்தில் மாதிரி எடுப்பதும், முடிவில் மாதிரி எடுத்துச் சுத்தம் என்று கையெழுத்திடுவதும் குலுக்கலில் வந்த இரண்டாவது நிபுணர் வேலை. அவருக்கான கட்டணம் பொது நிதியிலிருந்து. அவர் மாதிரி எடுக்கும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் கூட நிற்க உரிமை வேண்டும். எந்தக் கிணறு என்று தண்ணீர் குடித்தவருக்குத்தான் தெரியும். நியூ ஜெர்சியில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்கிறார். அங்கே அது ஓடலாம். இங்கே, கேனில் போன தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

வாரியத்தின் வேலை இதனால் குறையாது, மாறும். எல்லாக் கோப்பையும் மேலோட்டமாகப் பார்ப்பதை விட்டு, குறிப்பிட்ட பங்கை நிஜமாகவே தோண்டிப் பார்க்க வேண்டும். எல்லா இடத்துக்கும் இந்த வழி சரிப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டை போல ஒரே வளாகத்தில் பல ஆலைகளின் கழிவு கலந்து, யாருடையது என்று பிரிக்க முடியாத நிலத்தடி நீர் என்றால், வாரியமும் அரசின் வல்லுநர் அமைப்பும் நேரடியாக இறங்க வேண்டும். குடிதண்ணீர்க் கிணறு கெட்டுப்போன ஊரிலும் அப்படியே. முதலில் ஊருக்கு நல்ல தண்ணீர், அப்புறம் யார் பொறுப்பு என்ற விசாரணை. உடைமைக்காரர் ஓடிப்போன, செத்துப்போன இடங்களை எந்த லைசென்ஸ் நிபுணரும் தேடி வரமாட்டார். அவற்றுக்கு அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். கோவையின் வெள்ளலூர் குப்பைமேடு போன்றவை தனிக் கணக்கு. குப்பைக்கிடங்குக் கழிவை 2025 ஜூலை விதிகள் பொதுவாக வெளியே வைத்திருக்கின்றன.

சின்னப் பட்டறைக்காரர்களை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. பத்து சென்ட் இடத்தில் வாஷிங் மிஷின் போட்டு ஓட்டி, 2011-இல் மூடி, கடனில் நின்றவர்கள் எனக்கு உறவிலேயே உண்டு. அவர்களிடம் லட்சக்கணக்கில் நிபுணர் கட்டணம் கேட்டால் இடத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மண் அப்படியே கிடக்கும். ஆனால் கூட்டாகச் செலவு செய்வதைத் திருப்பூர் ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறது. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாதவர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். அதேபோல ஒரு பகுதியின் மூடிய பட்டறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு நிதி, ஒரே ஆய்வு. ஓடையும் நிலத்தடி நீரும் சர்வே எண் பார்த்துப் பிரிந்து ஓடுவதில்லை, ஆய்வும் சேர்ந்தே நடப்பதுதான் அறிவியலுக்கும் சரி.

நியூ ஜெர்சியிடமிருந்து நான் அப்படியே எடுத்துக்கொள்ள விரும்புவது வேறொரு சட்டம். 1983-இல் வந்து 1993-இல் மாற்றி எழுதப்பட்டது. குறிப்பிட்ட வகை ஆலைகளை மூடினாலோ விற்றாலோ, அதற்கு முன்பே மண்ணைச் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது செய்வதற்கான ஏற்பாட்டையும் பணத்தையும் காட்ட வேண்டும். சுத்தம் செய்த பிறகும் கொஞ்சம் மாசு மண்ணுக்குள் மிச்சமிருந்தால் அந்தச் செய்தி நிலத்தின் பத்திரப் பதிவிலேயே ஏறும். அடுத்து வாங்குபவர் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும்.

நம் பதிவு அலுவலகத்தில் ஒரு சர்வே எண்ணைக் கொடுத்தால் முப்பது வருடத்து அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எல்லாம் வந்து விழுகிறது. அங்கே சாயப்பட்டறை இருந்ததா, கசடு புதைத்தார்களா என்பது மட்டும் வராது. வாரியத்திடம் இசைவாணைப் பதிவு இருக்கிறது, எந்த முகவரியில் எந்தப் பட்டறை எத்தனை வருடம் ஓடியது என்பது அதில் உண்டு. இந்த இரண்டையும் சர்வே எண்ணில் இணைத்துவிட்டால், விற்கிறவரே நிபுணரைத் தேடி ஓடுவார். இல்லாவிட்டால் விலை கிடைக்காது. பேங்க் கடன் கொடுக்காது. சைட் போடுவதற்கு நகர ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் கேட்கும்போது மண் சான்றும் கேட்டால் இன்னும் நல்லது. மூடிய பட்டறை நிலங்கள் இன்று வேகமாகக் கைமாறுகின்றன. நாளைக்கு வீடுகள் வந்த பிறகு தோண்ட முடியாது.

ஆள் இருக்கிறார்களா என்று கூட்டத்தில் கேட்டார்கள். இந்த வேலையில் தேர்ந்தவர்கள் இப்போது குறைவுதான். ஆனால் கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, பழைய பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, உப்பு ஏறிய மண்ணை வருடக்கணக்கில் ஆராய்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேர்வும் லைசென்ஸும் நல்ல கட்டணமும் இருந்தால் நம் பிள்ளைகளே இந்த வேலைக்கு வருவார்கள். வெளியூர் நிபுணருக்குப் பாறை தெரியும், எங்கள் ஓடை தெரியாது.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கூட்டத்தின் முடிவு. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்தப் பட்டியலுக்கு நாமே ஊர் வாரியாகச் சர்வே எண் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேர் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறோம். பட்டறை எங்கே இருந்தது, எந்த வருடம் மூடியது, தொட்டி எந்த மூலையில், எந்தக் கிணற்றில் எப்போதிலிருந்து தண்ணீர் கெட்டது என்று வயதானவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதுகிறோம். இதுவரை முப்பத்தியொரு இடம். மச்சான் வாங்காமல் விட்ட அந்த ஒன்றே கால் ஏக்கரும் அதில் இருக்கிறது, சொம்பில் தண்ணீர் கொடுத்த பெரியவர் கிணற்றோடு. அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த நோட்டின் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறோம்.